மகனுக்காகப் போலீசுக்கு ஒரு போன்: டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர அனுபவம்

2012-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரக் காவல்துறைக்கு ஒரு புதுவகை அழைப்பு வரத் தொடங்கியது. மகனைக் காணவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். அந்தப் பையன்கள் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சிரியாவுக்கு, அங்கே ஆயுதக் குழுக்களில் சேரப் போயிருந்தார்கள் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. 2013 முடிவதற்குள் அந்த ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். மூன்று லட்சம் பேர் வாழும் ஊரில் முப்பது பேர் என்பது சின்னக் கணக்காகத் தோன்றலாம். ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், மேற்கு ஐரோப்பாவிலிருந்து சிரியாவுக்குப் போனவர்கள் கணக்கில் பெல்ஜியத்துக்கு அடுத்த வரிசையில் டென்மார்க் இருந்தது. டென்மார்க்குக்குள் பார்த்தால் ஆர்ஹூஸின் பங்கு கணிசமானது.

டென்மார்க்கில் குடியேறிய ஈழத்தமிழர்கள் பலரும் ஆர்ஹூஸ் இருக்கும் இதே ஜட்லாந்துத் தீபகற்பத்தில்தான் வாழ்கிறார்கள். 'இயக்கத்துக்குப் போய்விட்டான்' என்ற ஒரு வரி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை அவர்களில் மூத்த தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காரணங்களும் களங்களும் வேறு. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா மட்டும் ஒரே அம்மா.

அடுத்த ஆண்டு, 2014-இல், ஆர்ஹூஸிலிருந்து சிரியாவுக்குப் போனது ஒரே ஒருவர் என்று காவல்துறை கணக்குச் சொன்னது. முப்பதுக்கு அப்புறம் ஒன்று. உலகப் பத்திரிகைகள் ஆர்ஹூஸுக்குப் படையெடுத்தன. நகர மேயர் யாகோப் புன்ட்ஸ்கோர் 2015 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் நடந்த தீவிரவாதத் தடுப்பு மாநாட்டுக்குப் போனார். இளைஞர்கள் தீவிரவாதத்துக்குப் போகாமல் தடுக்கவும், போனவர்களை மீட்கவும் அந்த ஊர் கையாண்ட வழிக்கு 'ஆர்ஹூஸ் மாதிரி' (மாடல்) என்று பெயர் விழுந்தது. பிடிக்காதவர்கள் 'பயங்கரவாதியைக் கட்டிப்பிடிக்கும் திட்டம்' என்றார்கள்.

என் பார்வையில், இந்தக் கதையில் மிகவும் பலவீனமான பகுதியே அந்த முப்பதும் ஒன்றும்தான். அதைப் பற்றிப் பிற்பாடு பேசுகிறேன். முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்தப் பெற்றோர்கள் ஏன் போன் செய்தார்கள்? குடியேறிய குடும்பம், முஸ்லிம் குடும்பம், பயங்கரவாதம் என்ற சொல் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடும் காலம். அந்த நேரத்தில் சொந்த மகனைப் பற்றித் தானாகப் போலீசிடம் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? நம் ஊரில் வருமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

முப்பது வருடத்து மேசை

விடை 2012-இல் இல்லை, 1970-களில் இருக்கிறது. பள்ளி, சமூக நலத்துறை, காவல்துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து இளைஞர்களைப் பற்றிப் பேசும் ஏற்பாடு டென்மார்க்கில் அப்போதே தொடங்கிவிட்டது. மூன்றின் டேனிஷ் முதலெழுத்துகளைச் சேர்த்து 'எஸ்எஸ்பி' என்பார்கள். கடையில் திருடுகிற பையன், பள்ளிக்குப் போகாத பெண், போதைப் பழக்கம், தெருச் சண்டை என்று எல்லாம் அந்த மேசைக்கு வரும். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களைக் குற்றவாளியாகத் தண்டிக்க அங்கே சட்டத்தில் இடமில்லை. ஆகவே பையன் தப்பு செய்தால் அடுத்து என்ன என்பதை யாராவது உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி நீதி நிர்வாகச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. குற்றத்தைத் தடுக்கும் நோக்கத்துக்காக ஒருவரைப் பற்றிய தனிப்பட்ட தகவல்களைக் காவல்துறையும் மற்ற துறைகளும் பகிர்ந்துகொள்ளலாம் என்று அது சொல்கிறது. அப்படிப் பகிர்ந்ததைக் குற்ற வழக்கு விசாரணைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை அழுத்திப் படிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு மாணவனைப் பற்றிக் கவலையோடு சொன்னது, நாளைக்கு அவன்மேல் போடும் வழக்கில் சாட்சியாக மாறாது. தடுப்புக்கு ஒரு கதவு, விசாரணைக்கு வேறு கதவு. நடைமுறையில் இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு கெட்டி என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சுவர் என்று ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு, 2005 ஜூலையில் லண்டன். லண்டனில் குண்டு வைத்தவர்கள் பிரிட்டனிலேயே வளர்ந்த இளைஞர்கள் என்பது ஐரோப்பாவை உலுக்கியது. அதே 2005 செப்டம்பரில் நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச்சித்திரங்களை ஒரு டேனிஷ் நாளிதழ் வெளியிட்டது. யூலன்ஸ்-போஸ்டன் என்ற அந்த நாளிதழின் தலைமையகம் இருப்பது ஆர்ஹூஸில். உலகம் முழுக்கக் கொடிகள் எரிந்தபோது அதன் சூடு இந்த ஊருக்குத் தனியாகத் தெரிந்தது.

2007 வாக்கில் கிழக்கு ஜட்லாந்துக் காவல்துறையும் ஆர்ஹூஸ் நகராட்சியும் ஒரு முடிவுக்கு வந்தன. தீவிரவாதப் பக்கம் போகும் இளைஞனுக்கென்று புதிதாக ஒரு துறை வேண்டாம், இருக்கும் எஸ்எஸ்பி மேசையிலேயே இன்னொரு நாற்காலி போடுவோம். அப்போது அவர்கள் மனதில் இருந்தது இஸ்லாமியத் தீவிரவாதம் மட்டும் இல்லை. 'ஒயிட் பிரைட்' என்ற வெள்ளை இனவெறிக் குழு ஆர்ஹூஸில் அப்போது நடமாடிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் திட்டத்தின் அடிப்படை புரியாது. பையன் எந்தக் கொடியைப் பிடித்திருக்கிறான் என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி.

போனை எடுத்த பிறகு

இதற்காகக் காவல்துறையில் ஒரு சிறு பிரிவு. 'இன்ஃபோஹூஸ்' என்று பெயர், தகவல் வீடு. ஆசிரியர், பெற்றோர், இளைஞர் மன்றத்துப் பணியாளர், யார் வேண்டுமானாலும் அதை அழைக்கலாம். தோர்லைஃப் லிங்க், ஆலன் ஆர்ஸ்லெவ் என்ற இரண்டு அதிகாரிகள்தான் வெளியுலகுக்குத் தெரிந்த முகங்கள். இருவரும் குற்றத்தடுப்புப் போலீஸ்காரர்கள், உளவுத்துறைக்காரர்கள் இல்லை.

அழைப்பு வந்ததும் முதல் வேலை சலிப்பது. தாடி வளர்க்கிறான், தங்கையைத் தலையை மூடச் சொல்கிறான், வகுப்பில் அமெரிக்காவைத் திட்டுகிறான் என்றெல்லாம் சொல்வார்கள். இதில் பெரும்பாலானது வயசுக் கோளாறு, இல்லை வெறும் பக்தி. அதைப் பிரித்தறிந்து 'இதில் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்' என்று சொல்லி அனுப்புவதே தகவல் வீட்டின் பெரும்பகுதி வேலை. இது பேசப்படாத வேலை, ஆனால் மிக முக்கியமானது. ஒன்றுமில்லாத பையனைப் பிடித்து உலுக்கினால், ஒன்றுமில்லாததிலிருந்து ஏதாவது முளைக்கும். அப்படி முளைத்த ஒரு வழக்கைக் கீழே சொல்கிறேன்.

கவலைப்பட வேண்டிய வழக்கு என்று தெரிந்தால் ஒரு வழிகாட்டியை இணைத்துவிடுவார்கள். வழிகாட்டி போலீஸ் இல்லை. நகரத்தில் வேறு வேலை பார்க்கிறவர். சிலர் அந்தப் பையனைப் போலவே குடியேறிய குடும்பத்திலிருந்து வந்த முஸ்லிம்கள். வாரம் ஒருமுறை, தேவைப்பட்டால் அதற்கு மேலும் சந்திப்பு. பேச்சு மதத்தைப் பற்றியும் இருக்கும், வீட்டு வாடகையைப் பற்றியும் இருக்கும், நின்றுபோன படிப்பைப் பற்றியும் இருக்கும். நகராட்சி இதற்கு ஊதியம் தருகிறது. பெற்றோருக்குத் தனியாகக் கலந்துரையாடல் குழுக்கள் உண்டு. ஒரே துயரத்தில் இருக்கும் நாலு வீட்டார் ஒரு அறையில் உட்காரும்போது, வெளியே சொல்ல வெட்கப்பட்டது அங்கே வாய்க்கு வந்துவிடும். மேல்நிலைப் பள்ளி வகுப்புகளுக்குப் போய்ப் பாகுபாடு, தீவிரவாதம் பற்றி மாணவர்களோடு பேசும் பயிலரங்குகளும் நடக்கின்றன.

வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் பிரெபென் பெர்டெல்சன். அவருடைய கோட்பாட்டின் மையத்தில் இருக்கும் கருத்துக்குத் தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லே போதும்: பிடிப்பு. 'அவனுக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பே இல்லை' என்று சொல்வோமே, அதுதான். எல்லா மனிதரும் தேடுவது ஓரளவு நல்ல வாழ்க்கையின்மீது ஒரு பிடிப்பு. வேலை, மரியாதை, சேர்ந்திருக்க ஒரு கூட்டம், நான் இங்கே ஒரு பொருட்டு என்ற நினைப்பு. இவை கைநழுவும்போது இயக்கங்கள் நீட்டும் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கயிற்றை வெட்டுவதைவிட வேறு பிடிமானம் கொடுப்பதுதான் வழிகாட்டியின் வேலை. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக உளவியலாளர் ஆரி க்ருக்லான்ஸ்கியும் இதற்கு நெருக்கமாகவே பேசுகிறார். 'நான் முக்கியமானவன்' என்று உணரும் ஏக்கம், அதற்கு விழும் அடி, அதை ஈடுகட்டத் தேடும் வழி. அவர் ஆர்ஹூஸ் திட்டத்தைப் பாராட்டியதற்குக் காரணமும் இதுதான்.

மன்னிப்புக் கேட்ட போலீஸ்காரர்

அமெரிக்கப் பொது வானொலி 2016-இல் ஒரு ஆர்ஹூஸ் இளைஞனின் கதையை, உண்மைப் பெயரை மறைத்து, ஒலிபரப்பியது. இந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்ற இரண்டும் அந்த ஒரே கதையில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பையன். குடும்பத்தோடு மக்காவுக்குப் போய்விட்டு வந்தபின் மதப்பற்று கூடியிருந்தது. வகுப்பில் இஸ்லாமைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. சக மாணவி ஒருத்தி முஸ்லிம்கள் எல்லோரையும் சேர்த்து ஏதோ சொல்ல, இவன் கோபத்தில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டான். விஷயம் பள்ளியிலிருந்து போலீசுக்குப் போனது. வீட்டைச் சோதனை போட்டார்கள், விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை என்று முடிந்தது. ஆனால் அதற்குள் இறுதித் தேர்வு கடந்துபோயிருந்தது. கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனார். இந்த அலைக்கழிப்புதான் அம்மாவைக் கொன்றது என்று அவன் நம்பினான்.

அதற்குப் பிறகு அவன் போய்ச் சேர்ந்த அறையில் தீவிரப் பிரசங்க வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளிநாட்டுக்குப் போகும் பேச்சு அடிபட்டது. அவனைத் தீவிரவாதி என்று சந்தேகித்தபோது அவன் தீவிரவாதியாக இருக்கவில்லை. சந்தேகம்தான் அவனை அந்த அறைவரைக்கும் நடத்திக்கொண்டு போனது.

அப்போதுதான் லிங்க் அவனுக்குப் போன் செய்தார். ஒரு காப்பி சாப்பிடலாம் வா என்றார். இவன் கத்தினான், நீங்கள்தான் என் வாழ்க்கையை அழித்தீர்கள் என்றான். லிங்க் வாதாடவில்லை, மன்னிப்புக் கேட்டார். எந்த நாட்டுப் போலீஸ்காரரும் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொள்ளாத ஒன்று. இவனும் குழம்பித்தான் போனான். பிறகு அவனோடு இணைத்த வழிகாட்டி, துருக்கிப் பின்னணி கொண்ட ஒரு வழக்கறிஞர், முஸ்லிம். தானும் இதே நாட்டில் இதே பாகுபாட்டைச் சந்தித்தவர், ஆனாலும் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்திக்கொண்டு இருப்பவர். மாதக்கணக்கில் இருவரும் சண்டை போட்டார்கள். சண்டை என்றால் வாய்ச்சண்டை, குர்ஆன் வசனத்துக்கு வசனம். கடைசியில் அந்த அறையைவிட்டு அவன் விலகினான்.

இங்கே எந்தப் பிரச்சாரமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இஸ்லாமிய அரசு' என்ற ஆயுத இயக்கமான ஐ.எஸ். கெட்டது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. டேனிஷ்காரனாகவும் முஸ்லிமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு ஒரு ஆள் எதிரே வந்து உட்கார்ந்தார். இயக்கங்கள் சொல்லும் கதைக்கு எதிராக வேறொரு கதை சொல்வதை மாற்றுக் கதையாடல் என்று மாநாடுகளில் சொல்கிறார்களே, அது இங்கே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு காப்பிக் கடைக்கு வந்தது.

மூடாத பள்ளிவாசல்

சிரியாவுக்குப் போன முப்பது பேரில் 22 பேர் ஒரே பள்ளிவாசலுக்குப் போய்வந்தவர்கள் என்று காவல்துறை சொன்னது. நகரின் மேற்கே, குடியேறிகள் அதிகம் வாழும் கெல்லெரப் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அருகில், தொழிற்கூடங்களுக்கு நடுவே இருக்கும் கிரிம்ஹோய் பள்ளிவாசல். பையன்களை நாங்கள் அனுப்பவில்லை என்றது பள்ளிவாசல் நிர்வாகம். அதேசமயம் 2014-இல் ஐ.எஸ். அமைப்பைக் கண்டிக்க அதன் பேச்சாளர்கள் மறுத்தார்கள். அதே ஆண்டு அதன் இமாம் ஒருவர் பெர்லினில் யூதர்களுக்கு எதிராகப் பேசிய உரைக்கு ஜெர்மன் நீதிமன்றம் பின்னர் அபராதம் விதித்தது.

மூடுங்கள் என்ற குரல் பலமாக எழுந்தது. குடியேற்றத்தை எதிர்க்கும் டேனிஷ் மக்கள் கட்சி அதைக் கோரியது, மற்ற கட்சிகளிலும் அந்தப் பேச்சு இருந்தது. காவல்துறையும் நகராட்சியும் வேறு வழியில் போயின. பள்ளிவாசல் நிர்வாகத்தோடு உட்கார்ந்து, உங்களிடம் வந்துபோன 22 பேர் போயிருக்கிறார்கள், இதை நிறுத்த நீங்களும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நேரடியாகச் சொன்னார்கள். இளைஞர்களோடு பேசும் வழியையும் அந்தப் பள்ளிவாசல் மூலமாகவே திறந்தார்கள். மூடினால் பையன்கள் எங்கே போவார்கள், யார் வீட்டு அடித்தளத்தில் கூடுவார்கள், அப்போது யாரிடம் போய்ப் பேசுவது என்பது அவர்களின் வாதம்.

இந்த இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. யூதர்களைப் பற்றி அப்படிப் பேசும் ஒரு மேடையைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டால், அந்தச் சமூகத்துக்குள்ளேயே அதை எதிர்த்து நிற்கிறவர்களுக்கு என்ன சேதி போகிறது? கெல்லெரப்பில் இருக்கும் முஸ்லிம்கள் எல்லோரும் கிரிம்ஹோய் பள்ளிவாசல்காரர்கள் இல்லை. 'சமூகத்தோடு பேசுகிறோம்' என்னும்போது சமூகத்தின் சார்பாக யார் நாற்காலியில் உட்காருகிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. 2016 தொடக்கத்தில் ஒரு டேனிஷ் தொலைக்காட்சி மறைகேமராவில் எடுத்த காட்சிகளில், அதே பள்ளிவாசலில் தகாத உறவுக்குக் கல்லெறி தண்டனை பற்றிய போதனை வெளியாகியது. நாடே கொந்தளித்தது. அந்த வருடமே மதபோதகர்கள் குறித்த கடுமையான சட்டங்களுக்கு அரசியல் உடன்பாடு ஏற்பட்டது.

ஆனாலும் பள்ளிவாசலோடு பேசிய காவல்துறையும் நகராட்சியும் கணக்குப் போட்டது வேறொரு தராசில். இந்த வருடம் எத்தனை பையன்கள் விமானம் ஏறுகிறார்கள்? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடினால், எதிரே இருப்பவர் நமக்குப் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்தவர்கள்

உலகின் கவனத்தை இழுத்தது இந்தப் பகுதிதான். சிரியாவிலிருந்து திரும்பியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் வீடும் வேலையும் கொடுக்கிறார்கள் என்று செய்திகள் வந்தன. அது பாதி உண்மை. குற்றம் செய்ததற்கு ஆதாரம் இருந்தால் வழக்கு உண்டு. ஆதாரம் இல்லாதவர்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அவர்களை முதலில் பேட்டி கண்டு மதிப்பிடுவார்கள். காயம் இருந்தால் மருத்துவம், தூக்கம் வராமல் தவித்தால் உளவியல் சிகிச்சை. விரும்பினால் தீவிரவாதத்திலிருந்து வெளியே வர உதவும் திட்டத்தில் சேரலாம். படிப்பைத் தொடரவும், தங்க இடமும் வேலையும் தேடவும் உதவுவார்கள். எல்லா டேனிஷ் குடிமகனுக்கும் உள்ள உரிமைகளைத் தாண்டி எதுவும் இல்லை. கல்வி இலவசமாக இருக்கும் நாட்டில் 'படிக்க உதவுகிறார்கள்' என்பதை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சலுகையாக எழுதினார்கள்.

அந்த வானொலி நிகழ்ச்சியில் சொன்ன கணக்கு இது: 2012 முதல் ஆர்ஹூஸிலிருந்து சிரியாவுக்குப் போனவர்கள் 34 பேர். காவல்துறை அறிந்தவரை ஆறு பேர் செத்துப்போனார்கள், பத்துப் பேர் அங்கேயே இருந்தார்கள், 18 பேர் திரும்பினார்கள். திரும்பிய 18 பேரும் லிங்க், ஆர்ஸ்லெவ் அலுவலகத்துக்கு வந்து பேசினார்கள். முப்பதும் ஒன்றும் என்ற கணக்கைவிட இந்தப் பதினெட்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வீடியோவும் கோட்டையும்

இதே காலத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஆர்ஹூஸ் இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்க வெளியுறவுத் துறை 2014-இல் ஐ.எஸ். அமைப்பைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ வெளியிட்டது. ஐ.எஸ். எடுத்த கொடூரக் காட்சிகளையே வெட்டி ஒட்டி, 'வாருங்கள், இதெல்லாம் கற்கலாம்' என்ற தொனியில் இருந்தது. பலரும் பார்த்தார்கள், பலரும் சிரித்தார்கள், அமெரிக்காவைப் பார்த்து. ட்விட்டரில் ஐ.எஸ். ஆதரவாளர்களோடு அரசுக் கணக்கு வாதாடிக்கொண்டிருந்தது. கோபத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் அமெரிக்க அரசு முத்திரை போட்ட வீடியோவைப் பார்த்து மனம் மாறுவான் என்று யார் நினைத்தார்களோ.

பிரான்ஸ் செய்தது அதற்கு நேர் எதிர். மாநாட்டு மண்டபத்திலும் திரையிலும் நிற்காமல், ஒரு கட்டடமே ஒதுக்கினார்கள். லுவார் பள்ளத்தாக்கில் போந்தூர்னி என்ற இடத்தில் ஒரு பழைய மாளிகை. 2016 செப்டம்பரில் திறந்தார்கள். 25 பேருக்கு இடம். சீருடை, கொடி வணக்கம், தேசிய கீதம், வரலாற்றுப் பாடம். தாமாக விரும்பி வருகிறவர்களுக்கு மட்டும். ஒன்பது பேருக்கு மேல் ஒருபோதும் இருந்ததில்லை. 2017 பிப்ரவரியில் ஒருவரும் இல்லை, ஜூலையில் மூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களும் அதை எதிர்த்தார்கள். சொந்த ஊரிலிருந்து பிடுங்கி, முன்பின் தெரியாத மாளிகையில் வைத்துத் தேசப்பற்றை ஊட்டுவது என்ற யோசனை காகிதத்தில் கம்பீரமாகத்தான் இருந்திருக்கும்.

ஆர்ஹூஸில் யாரையும் எங்கும் கொண்டுபோகவில்லை. அதே தெரு, அதே பள்ளி, அதே பள்ளிவாசல். சொல்லும் பொருளைவிடச் சொல்லும் ஆள்தான் முக்கியம் என்பதை அவர்கள் கோட்பாடாக அறிவித்தார்களா தெரியாது, ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

முப்பதும் ஒன்றும்

சரி, அந்த எண்களுக்கு வருவோம். 2013 வரை முப்பதாக இருந்தது 2014-இல் ஒன்றாகக் குறைந்தது ஆர்ஹூஸ் திட்டத்தால்தான் என்று சொல்ல முடியுமா? முடியாது. திட்டம் 2007 முதலே இருந்தது. அது இருந்தபோதுதான் முப்பது பேரும் போனார்கள். பள்ளிவாசலோடு நடந்த பேச்சு காரணம் என்று காவல்துறை சொன்னது. இருக்கலாம். ஆனால் வேறு பலதும் மாறியிருந்தது. போக நினைத்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்றும் வாதிடலாம். 2012-இல் கிளம்பியவனின் கண்ணுக்கு அது சிரியாவின் அப்போதைய அதிபர் அசாத்தின் அரசுக்கு எதிரான போர். 2014 ஜூன் இறுதியில் ஐ.எஸ். தன்னைக் கிலாஃபத், அதாவது இஸ்லாமியப் பேரரசு என்று அறிவித்தபோது அதன் முகம் வேறாகியிருந்தது. இயக்கங்கள் ஒன்றோடொன்று சுட்டுக்கொண்டன. போய்த் திரும்பியவர்கள் ஊருக்குள் சொன்ன கதைகளும் எட்டியிருக்கும். 2014 அக்டோபரில் டென்மார்க்கே ஈராக்கில் குண்டுபோட எஃப்-16 விமானங்களை அனுப்பியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆர்ஹூஸ் கிடையாது. முப்பது பேர் என்ற சிறு எண்ணிக்கையில் ஒரு நண்பர் வட்டம் கிளம்பினாலும் கணக்கு ஏறும், கிளம்பாவிட்டாலும் இறங்கும்.

2015 பிப்ரவரி 14, 15 தேதிகளில் கோபன்ஹேகனில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு கருத்தரங்கம் நடந்த இடத்திலும் யூத ஜெபாலயத்தின் வாசலிலும் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் டென்மார்க்கில் பிறந்த 22 வயது இளைஞன், இரண்டு வாரம் முன்புதான் சிறையிலிருந்து வெளியே வந்தவன். அவன் தீவிரமாகிக்கொண்டு வருகிறான் என்று சிறைத்துறை 2014 செப்டம்பரிலேயே உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்திருந்தது. தகவல் போனது, ஆனால் ஆள் யாரும் போகவில்லை. ஆர்ஹூஸ்காரர்களின் மென்மையைக் குறைசொல்ல இந்தச் சம்பவத்தைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது எதிர்ப்பக்கம் சாட்சி சொல்வதாகத்தான் தோன்றுகிறது. சிறை வாசலில் அவனை எதிர்கொள்ள ஒரு வழிகாட்டி இருந்திருந்தால் நிச்சயம் தடுத்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அந்த முயற்சிக்கான வரிசையில்கூட அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

விமர்சனத்தில் இன்னொரு வகை உண்டு, அதை எளிதாகத் தள்ள முடியாது. ஆசிரியரும் மருத்துவரும் சமூகப் பணியாளரும் போலீசோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால், முஸ்லிம் பையன் எந்தக் கதவைத் தட்டினாலும் அதற்குப் பின்னால் காவல்துறை இருக்கிறது என்றாகிறது. மேலே சொன்ன பையனின் வழக்கே அதற்கு உதாரணம். வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தை போலீஸ் கோப்பாக மாறியது. அவனை மீட்டதும் அதே காவல்துறைதான் என்று சொல்லிப் பெருமைப்படலாம். தேர்வைத் தவறவிடாமல் இருந்திருந்தால் மீட்பே தேவைப்பட்டிருக்காது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆர்ஹூஸ் அனுபவத்தை நகலெடுக்க வரும் நகரங்கள் வழிகாட்டி, பயிலரங்கு, கோட்பாடு என்று பட்டியல் போட்டு எடுத்துப்போகின்றன. லிங்க் கேட்ட மன்னிப்பை அந்தப் பட்டியலில் நான் பார்த்ததில்லை.

அதே எண், வேறு பொருள்

தகவல் வீடு இன்று டென்மார்க்கின் 12 காவல் மாவட்டங்களிலும் இருக்கிறது. அந்த வகையில் ஆர்ஹூஸ் வென்றது. ஆனால் அதைச் சுற்றியிருந்த சட்டம் மாறிவிட்டது. 2015-இல் போருக்குப் போகக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பறிக்கும் அதிகாரம் வந்தது. 2016-இல், அரசு குறிப்பிடும் போர்ப் பகுதிகளுக்கு அனுமதியின்றிப் போவதும் தங்குவதுமே குற்றம் என்றானது. சிரியா, ஈராக்கின் சில பகுதிகள் அந்தப் பட்டியலில் ஏறின. முன்பு அங்கே என்ன செய்தான் என்பதை அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது அங்கே இருந்தான் என்பதே போதும்.

புரிந்துகொள்ளக்கூடிய சட்டம்தான். ஈராக்கில் யஸீதிச் சிறுபான்மைப் பெண்களை ஐ.எஸ். அடிமைகளாக்கியதையும் 2015-இல் பாரிஸில் நடந்த தாக்குதலையும் பார்த்த பிறகு எந்த நாடாளுமன்றமும் கை கட்டிக்கொண்டு இருக்காது. ஆனால் 2012-இல் அந்தத் தொலைபேசியை எடுத்துப் பேசிய பெற்றோருக்கு ஒரு நிம்மதி இருந்தது. மகன் எல்லையைத் தாண்டிவிட்டாலும், அவன் யாரையும் கொல்லாமல் திரும்பி வந்தால், கதவைத் திறக்க ஒரு போலீஸ்காரர் இருப்பார். இப்போது அதே எண்ணை அழைக்கும் அம்மா, மகன் இன்னும் விமான நிலையத்தில் இருக்கிறானா, அக்கரைக்குப் போய்விட்டானா என்று முதலில் யோசிக்க வேண்டும். முதலாவது என்றால் அவள் தகவல் வீட்டோடு பேசுகிறாள். இரண்டாவது என்றால், அவள் சொல்லப்போகும் ஊர்ப்பெயர் ஒன்றே மகன்மேல் வழக்குப் போடப் போதும்.